கடல்நீர்த் தொட்டியில் வாடும் பவளங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சித்திரைத் திருவிழா முடிந்து அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. நன்னீர் மீன் வளர்ப்போரின் கேள்விகள் குறைந்து, கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போரின் கவலைகள் கூடுகின்றன. ஆகவே இம்முறை பவளங்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே விடை எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பத்துக் கடிதங்களில் எட்டு, "என்ன மருந்து ஊற்றலாம்?" என்றுதான் முடிகின்றன, தண்ணீரின் வெப்பநிலை, உப்பின் அளவு, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றுள் ஒன்றைக்கூடக் குறிப்பிடுவதில்லை. இனி எழுதுவோர் அந்த எண்களோடு, கடந்த மூன்று வாரங்களில் தொட்டியிலோ தொட்டி இருக்கும் அறையிலோ என்ன மாறியது என்பதையும் எழுதவேண்டும். அந்தக் கடைசி விவரத்திலிருந்துதான் எனக்குப் பெரும்பாலும் விடை கிடைக்கிறது.

கேள்வி: 200 லிட்டர் தொட்டியில் ஒரு லெதர் பவளமும் ஆறு மஷ்ரூம் பவளங்களும் இரண்டு ஆண்டுகளாக நன்றாக இருந்தன. சென்ற பத்து நாள்களாக மஷ்ரூம்கள் சுருங்கி வெளிறிவிட்டன. லெதரின் பழுப்பு நிறம் மங்கி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. பிற்பகலில் வெப்பமானி 31.5 டிகிரி காட்டுகிறது. அவை இறந்துவிட்டனவா, ஐயா? (வாசகர், அண்ணாநகர், மதுரை)

பதில்: இறக்கவில்லை, பட்டினி கிடக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் பவளத்துக்குச் சொந்தமானது அன்று. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளே அந்த நிறத்தைத் தருகின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடம் கொடுத்த பவளத்துக்கு அளிக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்தப் பாசிகளின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதடைந்து, உயிரணுக்களை அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை வெளியிடத் தொடங்குகிறது. அதைத் தாங்க முடியாத பவளம் தன் குடித்தனக்காரனையே வெளியேற்றிவிடுகிறது. எஞ்சுவது நிறமற்ற திசு. அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். இறந்துகொண்டிருக்கும் பவளம் வேறுவிதமாகத் தெரியும்: திசு கொழகொழவென்று கரைந்து நூலாகப் பிரியும், நீரோட்டத்தில் துண்டுகள் பறக்கும், கையில் எடுத்தால் அழுகிய நாற்றம் வீசும். உங்கள் கடிதத்தில் இவற்றுள் எதுவும் இல்லை.

இது உங்கள் தொட்டிக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அன்று. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடைக்காலத்தில் கடல் சூடேறியபோது பவளப்பாறைகள் பரவலாக வெளுத்தன. ஒரு பகுதியின் வழக்கமான உச்சக் கோடை வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாக ஒரு மாத காலம் நீடித்தாலே பல பவளங்கள் வெளுக்கத் தொடங்கும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. கடலில் ஆழத்துக்கும் நீரோட்டத்துக்கும் வாய்ப்புண்டு. அண்ணாநகர் மாடி வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டிய தொட்டிக்கு அவை இரண்டும் இல்லை.

இன்றே செய்யவேண்டியது விளக்கைக் குறைப்பதுதான். வெப்பத்தோடு கடும் ஒளியும் சேரும்போதே பாசிகளின் பழுது பெருகுகிறது என்பதால், எல்.இ.டி. விளக்கின் செறிவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, எரியும் நேரத்தையும் ஆறு மணி நேரமாகச் சுருக்குங்கள். கூடுமானால் விளக்கு எரியும் நேரத்தைப் பிற்பகலிலிருந்து மாலைக்கும் இரவுக்கும் தள்ளிவையுங்கள்; பகலின் வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒன்றாகச் சேராது.

அடுத்தது குளிர்விப்பது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்குமுன் ஒரு சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாகப் பொருத்திப் பாருங்கள். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதுவும் வேலை செய்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், உங்கள் 200 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ மூன்று டிகிரி குளிர்விக்கப் போதுமானது. சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருப்பதால் முழுப்பயன் கிடைக்காதென்றாலும், இரண்டு மூன்று டிகிரி இறங்குவதைக் காண்பீர்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. மதுரையின் வறண்ட மே மாதக் காற்று இந்த ஒரு வகையிலாவது நமக்கு நன்மை செய்கிறது.

ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் ஆவியாகி மூன்று நாள்கள் நீங்கள் கவனிக்காமல் விட்டால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறக்குறைய 38 கிராமாகிவிடும். நான் ஒருமுறை காரைக்குடியில் ஒரு திருமணத்துக்குச் சென்றபோது, மின்விசிறியை ஓடவிட்டதில் காட்டிய அக்கறையைத் தண்ணீர் ஈடுசெய்வதில் காட்டவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது தொட்டி நன்றாகவே குளிர்ந்திருந்தது; பவளங்கள் அனைத்தும் உப்புக் கண்டம் போலச் சுருங்கிக் கிடந்தன. ஆகவே குறைந்த அளவைத் தினமும் உப்பில்லாத தூய நீரால் நிரப்புங்கள். பலர் இங்கே உப்புநீரை ஊற்றித் தவறு செய்கிறார்கள்.

வெப்பநிலையை 26 டிகிரிக்குக் கொண்டுவருவது நோக்கமென்றாலும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். நாளுக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும். ஐஸ் கட்டிகளை நேராகத் தொட்டியில் போடுவதும் கூடாது. அவசரத்துக்கு, மூடிய பாட்டிலில் உறையவைத்த நீரை மிதக்கவிடலாம். சில்லர் வாங்குவதாக முடிவுசெய்தால், அது தொட்டியிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் கக்கும் என்பதை மறவாதீர்கள். தொட்டியின் அடியில் உள்ள மூடிய மரப்பெட்டிக்குள் சில்லரை வைத்துவிட்டு, "இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது, நீர் மட்டும் குளிரவில்லை" என்று வருந்திய இருவரை எனக்குத் தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளும் கோடையில் ஆபத்தானது. சூடான நீர் குறைவான ஆக்சிஜனையே தாங்கும். நீரோட்டமும் நின்றுவிட்டால் முதலில் மீன்களும் பிறகு பவளங்களும் திணறும். இன்வெர்ட்டரில் விளக்கையோ சில்லரையோ இணைக்க முயலாமல், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறிய பம்பான பவர்ஹெட்டை மட்டும் இணைத்தால் அன்றைய பொழுது கழிந்துவிடும்.

நிறம் திரும்பி வர ஆறு வாரமோ, சில சமயம் அதைவிடக் கூடுதலோ ஆகும். அதுவரை வாரம் இருமுறை மிக நுண்ணிய உணவைச் சிறிதளவு கொடுத்து வாருங்கள். மஷ்ரூம்கள் நன்றாகவே உணவெடுக்கும். லெதர் பெரும்பாலும் நீரில் கரைந்தவற்றைக் கொண்டே காலம் தள்ளும். வேறு எதையும் ஊற்றவேண்டாம்.

கேள்வி: எங்கள் லெதர் பவளம் எட்டு நாள்களாகப் பூக்கவே இல்லை. மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல மினுமினுக்கிறது. மற்றவை நன்றாக உள்ளன. (வாசகி, திருநகர்)

பதில்: தோலுரிக்கிறது, அம்மா. லெதர் வகைப் பவளங்கள் தம்மேல் படியும் பாசியையும் தூசியையும் உதறுவதற்காக இப்படி ஒரு மெழுகுப் படலத்தை உண்டாக்கி, சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை மூடிக்கிடந்து, பிறகு அதைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னைவிடப் பொலிவாக விரியும். பவர்ஹெட்டைச் சற்று அதன் பக்கம் திருப்பிவிட்டால் படலம் விரைவில் பிரியும். கையால் உரிக்கவேண்டாம்.

கேள்வி: செயற்கைக் கடலுப்பு விலை கட்டுப்படியாகவில்லை. தூத்துக்குடி கல் உப்பும் கடலிலிருந்துதானே வருகிறது என்று எண்ணி, அதைக் கிணற்று நீரில் சரியான அடர்த்திக்குக் கரைத்துப் பயன்படுத்தினேன். ஒரு மாதத்தில் மஷ்ரூம்கள் கரைந்துவிட்டன. ஜோவாந்தஸ் பவளங்கள் எல்லாம் மூடிக்கொண்டன. உப்பின் அளவு சரியாக இருந்தும் ஏன் இப்படி? (வாசகர், திருமங்கலம்)

பதில்: உங்கள் எண்ணம் இயல்பானதே. ஆனால் உப்பளத்தில் நடப்பதைக் கூர்ந்து பார்த்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்கமாட்டீர்கள். கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்றவிடும்போது எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும், நீர் மேலும் வற்றியபின் ஜிப்சமும் படிந்துவிடுவதால் கால்சியத்தின் பெரும்பகுதி முன்பாத்திகளிலேயே தங்கிவிடுகிறது. அதன்பின் கடைசிப் பாத்தியில் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு படிகமாகத் திரள்கிறது. அதை வாரிக் குவிக்கிறார்கள். எஞ்சி நிற்கும் கசப்பு நீரில்தான் மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் இருக்கின்றன. அது தனியே வடிக்கப்படுகிறது. உண்பதற்கு நல்ல உப்பு வேண்டுமென்றால் இப்படித்தான் பிரிக்கவேண்டும். ஆனால் பவளத்துக்கு வேண்டிய கால்சியம் வரும் வழியிலும், மெக்னீசியம் முடிவிலும் கழிந்துபோனபின் எஞ்சியதையே நீங்கள் கரைத்திருக்கிறீர்கள்.

கடல்நீரில் கரைந்துள்ள லிட்டருக்கு 35 கிராம் உப்பில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் சோடியம் குளோரைடு. லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும், 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும், அதற்குச் சற்றுக் குறைவாகப் பொட்டாசியமும் அதில் இருக்கவேண்டும். உங்கள் அளவுகோல் அடர்த்தியை மட்டும் அளந்ததே தவிர, அந்த அடர்த்தி எதனால் ஆனது என்பதை அளக்கவில்லை. எடை சரியாக இருந்தும் பண்டம் மாறிப்போய்விட்டது.

கிணற்று நீரையும் நான் குற்றம் சொல்லவேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரமும் முழுத்தீர்வு அன்று. குடிப்பதற்கு ருசியாக இருக்கவேண்டுமென்று, வடிகட்டிய நீரில் கொஞ்சம் கனிமத்தைத் திரும்பக் கலந்துவிடும் அமைப்பு பல இயந்திரங்களில் உண்டு. வெளிவரும் நீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு, லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஐந்து லிட்டர் ஈடுசெய்தால், ஒரு மாதத்தில் ஒன்பது கிராம் வேண்டாத பொருள் தொட்டியில் சேர்ந்துவிடும். அந்தக் கனிமக் குழாயைத் தவிர்த்துவிட்டு, கடைசியில், எஞ்சிய கரைபொருள்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை இணைத்து, டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் வரும்வரை சரிசெய்யவேண்டும். செலவைக் குறைக்க விரும்பினால் தொட்டியின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் போய்வரும் வண்டிகளில் கேன்களில் கடல்நீர் கொண்டுவருவோரும் இருக்கிறார்கள். துறைமுகம், கழிமுகம், ஊர்ச் சாக்கடை ஆகியவற்றுக்குத் தொலைவில், மழையில்லாத காலத்தில் எடுத்த நீராக இருந்தால் அது தவறில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும். எடுத்த நீரை இரண்டு வாரம் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு, வடித்து, அளந்த பிறகே பயன்படுத்தவேண்டும்.

வாங்கிவைத்த கல் உப்பை வீணாக்க வேண்டாம். ஒளி வளையும் அளவைக் கொண்டு உப்பை அளக்கும் கருவியான ரெஃப்ராக்டோமீட்டரைத் தூய நீரில் மட்டும் சரிபார்ப்பது போதாது; அளக்கப்போகும் அடர்த்திக்கு அருகிலேயே சரிபார்க்கவேண்டும். நன்கு உலர்ந்த தூய உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரைப் போலவே ஒளியை வளைக்கும். கருவி அதில் 35 காட்டும்படி திருகைத் திருப்பிவையுங்கள். மிச்சத்தை ஊறுகாய்க்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டில் பேத்தியின் காதுகுத்து விழாவை முன்னிட்டு வண்ணம் பூசினோம். வேலை முடிந்த மறுநாள் இரவு தொட்டியிலிருந்த இரண்டு இறால்களும் இறந்துகிடந்தன. இரண்டு நாள்களில் பவளங்கள் அனைத்தும் சுருங்கிவிட்டன. மீன்கள் நலம். பெயிண்ட் வாடைதான் காரணமா? (வாசகி, நரிமேடு)

பதில்: பெயிண்டை நான் இரண்டாவதாகத்தான் சந்தேகிக்கிறேன். மீன் பிழைத்து இறால் மட்டும் மடிந்தது என்றால் முதலில் பூச்சிமருந்தை நினைக்கவேண்டும். வீட்டைத் துப்புரவு செய்தபோது கரப்பானுக்கோ கொசுவுக்கோ மருந்து அடித்தார்களா என்று கேட்டுப்பாருங்கள். அத்தகைய மருந்துகள் பலவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு பூச்சிகளைக் கொல்வதற்கென்றே உருவானது. இறாலும் நண்டும் கணுக்காலிகளாகையால் பூச்சிகளின் உறவினர்கள். மிகச் சிறிய அளவிலேயே மடிந்துவிடும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் காற்றுப் பம்பும் அறைக் காற்றை உறிஞ்சி இடைவிடாமல் நீருக்குள் செலுத்துகின்றன என்பதால், அறையில் தெளித்தது தொட்டியில் தெளித்ததுபோலத்தான்.

தரமான ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு டம்ளர் அளவு எடுத்து, கழுவி, வலைப்பையில் இட்டு, நீர் அதன் ஊடே பாயும் இடத்தில் வையுங்கள். மூன்று நாள் கழித்துப் புதிதாக மாற்றுங்கள். இதற்கிடையே மூன்று நாள் இடைவெளியில் இருமுறை, நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புதுநீரின் உப்பும் வெப்பமும் பழைய நீரோடு ஒத்திருக்கவேண்டும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஒரு நீண்ட குழாயால் சன்னலுக்கு வெளியே கொண்டுபோவது இனி எப்போதுமே நல்லது. ஏ.சி. போட்டு மூடிய அறையில் இரவெல்லாம் நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு நீரில் கரைந்து பி.எச். அளவை இறக்குவதையும் அந்தக் குழாய் ஓரளவு தடுக்கும். அடுத்தமுறை வீட்டில் வேலை நடக்கும்போது தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, காற்றுப் பம்பை மட்டும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மேலூர் எனக்குச் சொந்த ஊர், பணி நிமித்தம் சிங்கப்பூரில் வசிக்கிறேன். கிளைவிடும் கடின வகையான என் அக்ரோபோரா பவளத்தின் கிளைநுனிகள் எரிந்ததுபோல வெள்ளையாகின்றன. காரத்தன்மை 7 டி.கே.எச். ஆக இருந்ததால் இரண்டே நாளில் 11.5-க்கு உயர்த்தினேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம். கால்சியம் லிட்டருக்கு 430 மில்லிகிராம். தவறு எங்கே? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: தவறை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 7 என்பது இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மைக்கு மிக அருகிலுள்ள எண். அதில் பயப்பட ஒன்றுமில்லை. அதை இரண்டு நாளில் நான்கரை அளவு உயர்த்தியதுதான் அதிர்ச்சி. காரத்தன்மை கூடினால் பவளம் தன் எலும்புக்கூட்டை விரைந்து கட்ட முனைகிறது. ஆனால் உங்கள் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாததால், அந்த எலும்பை மூடும் திசுவை வளர்ப்பதற்கு அதனிடம் சரக்கில்லை. கிளையின் நுனியில் எலும்பு முந்திக்கொள்ள, திசு பின்தங்கிவிடுகிறது.

சேர்க்கும் கரைசலை நிறுத்திவிட்டு, அளவு தானாக 8-க்கு இறங்கும்வரை காத்திருங்கள். இறக்குவதற்காகப் பெருமளவில் நீரை மாற்றினால் இரண்டாவது அதிர்ச்சியாகிவிடும். மீன்களுக்கு உணவைச் சற்றுக் கூட்டி, நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு அருகிலும் பாஸ்பேட் 0.05 மில்லிகிராமுக்கு அருகிலும் வரச்செய்யுங்கள். அதன்பின் தினமும் ஒரே நேரத்தில் அளந்து, பவளங்கள் எவ்வளவு உண்கின்றனவோ அவ்வளவை மட்டும் ஈடுசெய்யுங்கள். 100 லிட்டர் நீரில் 1 டி.கே.எச். உயர்த்த மூன்று கிராம் சமையல் சோடா போதும். ஒரு நாளில் அதற்குமேல் உயர்த்தவேண்டாம். பவளம் எலும்பு கட்டும்போது 2.8 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறையும் என்பது கணக்கு. இந்த விகிதத்தில் இரண்டும் இறங்கவில்லையென்றால், பவளத்தைச் சந்தேகிக்குமுன் உங்கள் சோதனைப் பெட்டியைச் சந்தேகியுங்கள்.

வெள்ளை நுனியிலிருந்து வராமல் அடியிலிருந்து மேலேறினால் கதை வேறு. அடிப்பகுதிக்கு ஒளியும் ஓட்டமும் போதவில்லையா என்றும், அக்ரோபோராவை மேயும் தட்டைப்புழுக்கள் உள்ளனவா என்றும் பார்க்கவேண்டும். புழு மேய்ந்த இடத்தில் சிறுசிறு வட்டத் தழும்புகள் தெரியும். அடியில் பழுப்புநிற முட்டைத் திட்டுகள் ஒட்டியிருக்கும். மருந்துக் குளியல் புழுவைக் கழற்றுமே தவிர முட்டையைக் கொல்லாது. முட்டையைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். ஒரே நாளில் திசு முழுவதும் உரிந்து விழுகிறதென்றால் காத்திருக்க நேரமில்லை. நலமாக உள்ள கிளையை, உரியும் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டிவிடுங்கள்.

நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் இவ்வளவும் எழுதினேன். இதே கேள்வி மேலூரிலிருந்து வந்திருந்தால் என் பதில் வேறுவிதமாகத் தொடங்கியிருக்கும். அதற்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: இராமநாதபுரம் பக்கத்து நண்பர் ஒருவர் கடலிலிருந்தே பவளமும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே அட்டவணையில், பாறை கட்டும் கடின வகைப் பவளங்கள் அனைத்தும் 2001-ல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் அதில் உண்டு. உயிருள்ளதா, செத்து வெளுத்த துண்டா என்ற வேறுபாடு இல்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளம் வெட்டியதன் பலனாக, கரையரிப்பில் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. வெளிநாட்டு இனம் என்று சொல்லி விற்பவரிடமும் எச்சரிக்கை தேவை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் (CITES) பட்டியலிட்ட அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்பதை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்துள்ளது. கடின வகைப் பவளம் ஏற்கெனவே கையில் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே நேர்வழி.

தொட்டிக்குப் பாறை வேண்டுமென்றால் பீங்கானில் செய்த செயற்கைப் பாறை போதும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் ஆறேழு வாரங்களில் அதில் குடியேறிவிடும். மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்வகைகளைத் தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த துண்டுகளாக, ரசீதோடு வாங்குங்கள். கடலிலிருந்து பிடுங்கியதைவிட அவை நம் வீட்டுச் சூழலுக்கு எளிதில் பழகியும்விடுகின்றன.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். பாஸ்பேட் நீக்கி போட்டு நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுழியத்தில் வைத்திருக்கிறேன். வெப்பநிலை 26. ஆனாலும் பவளங்கள் வெளிறுகின்றன. மணலில் குமிழியோடு கூடிய பழுப்புச் சளி படர்கிறது. தூய்மை போதவில்லையா? (வாசகர், கே. புதூர்)

பதில்: தூய்மை மிகுந்துவிட்டது. அண்ணாநகர் வாசகரின் பவளம் வெப்பத்தால் பாசியை இழந்தது. உங்களுடையது உரமில்லாமல் பாசியை இழக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால்தான் எண்களைக் கேட்கிறேன். அந்தப் பழுப்புச் சளி பெரும்பாலும் டைனோபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரியாக இருக்கும். மற்ற பாசிகளும் நுண்ணுயிர்களும் பட்டினியில் ஒடுங்கியபின் காலியான இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிடுங்கள். மீன்களுக்கு ஒருவேளை கூடுதலாக உணவிடுங்கள். சளியைக் குழாயால் உறிஞ்சி, நுண்துணியில் வடித்து, நீரைத் திரும்ப ஊற்றுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளவில் தெரியும்வரை நீரை மாற்றாதீர்கள். சோதனைக் குழாயில் இலேசான நிறம் தெரிந்தால் மகிழுங்கள்.

கேள்வி: ஜோவாந்தஸ் ஒரு பாறை முழுவதும் பரவிப் பாதி அழுகிவிட்டது. பாறையை எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமா? (வாசகர், வில்லாபுரம்)

பதில்: அடுப்பின் அருகே அந்தப் பாறையைக் கொண்டுபோகவே கூடாது. ஜோவாந்தஸும் அதன் நெருங்கிய உறவான பாலித்தோவாவும் பாலிடாக்சின் என்ற நஞ்சை வைத்திருக்கக்கூடும். 1971-ல் ஹவாய்த் தீவின் பாலித்தோவா ஒன்றிலிருந்து முதன்முதலில் பிரித்தறியப்பட்ட இது, நம் உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்மாற்றும் பம்பையே திறந்த வாசலாக்கிவிடும் கொடிய நஞ்சு. வெந்நீர் ஊற்றுவது, கொதிக்கவைப்பது, உலர்ந்த பாறையைத் தூரிகையால் தேய்ப்பது ஆகியவற்றால் அது ஆவியோடும் துளியோடும் காற்றில் ஏறும். தொட்டிப் பாறையை அடுப்பில் கொதிக்கவைத்து, குடும்பத்தோடு மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. எந்தப் பாலிப்பில் (கூட்டத்திலுள்ள தனி உயிரியில்) நஞ்சு உண்டு, எதில் இல்லை என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பாறையை நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, மொட்டை மாடியிலோ முற்றத்திலோ வையுங்கள். குழந்தைகளும் நாய், பூனையும் அண்டக்கூடாது. பிளீச்சிங் கரைசல் கலந்த நீரில் ஓரிரு நாள் முழுதாக மூழ்கியிருக்கட்டும். பிளீச்சிங் கரைசலோடு அமிலத்தையோ வினிகரையோ கலக்கவேண்டாம். பிறகு பலமுறை நீர் மாற்றி, குளோரின் வாடை முற்றிலும் நீங்கி, பல நாள் வெயிலில் காய்ந்தபின் பாறையைத் தொட்டிக்குத் திருப்பலாம். கையில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் இந்த வேலையை ஒத்திப்போடுங்கள்.

பாறையைக் கையாண்ட சில மணி நேரத்துக்குள் வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல், கண் எரிச்சல், தசைவலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், வீட்டிலுள்ள எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து, கண்ணை நல்ல நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளுக்கேற்பவே சிகிச்சை தருவார்கள். மீன்தொட்டியால் இப்படியாகும் என்பது அவசரப் பிரிவில் உள்ளவர்களுக்கு உடனே தோன்றாமல் போகலாம் என்பதால், 'பாலிடாக்சின்' என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச்செல்லுங்கள்.